அடிக்குறிப்பில் அம்மா

முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தராசு பழுதுபார்த்து வந்தவருக்குக் கோபமே வராது என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு இருந்தது. நிறையைக் குறைத்து விற்றுவிட்டுத் தராசின்மேல் பழிபோடும் வணிகரிடம்கூட, "தராசுக்கு வாய் இல்ல முதலாளி, நீங்க என்ன சொன்னாலும் அது மறுக்காது" என்று சிரித்துவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுப்பார். அண்ணன் அனுப்பிய உறையைப் பிரித்த அன்று அந்தப் பேச்சுப் பொய்த்தது.

உறையில் இருந்தது ஒரு நூலின் அச்சுப்படி. பதிவாளர் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற அண்ணன் ஆறாண்டு அலைந்து, பழைய பத்திரங்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் துருவித் தொகுத்த குடிவழி. ஏடுகள் போதாவென்று கடைசியில் அறிவியலையும் துணைக்கு அழைத்திருந்தார். இரண்டு மாதங்களுக்கு முன் சிறு குப்பி ஒன்றைத் தம்பியின் முன் நீட்டி, "துப்புடா. டி.என்.ஏ. பரிசோதனை. நம்ம வம்சத்துக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்" என்றார்.

"துப்பிக் குலம் பாக்கற காலம் வந்துடுச்சா? இத்தனை நாள் குலத்தைச் சொல்லித்தான் துப்பிட்டு இருந்தாங்க" என்று வேடிக்கை பேசித் துப்பிக் கொடுத்தார் தம்பி.

இப்போது ஏழாம் தலைமுறைப் பக்கத்தில் அண்ணனும் அவருடைய மக்களும் கொடிபோலக் கிளைத்திருந்தனர். தம்பியும் தம்பியின் இரு பெண்களும் நிற்கவேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. பக்கத்தின் அடியில் மட்டும், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் ஒரு குறிப்பு: 'இளையவர் தாய்வழியில் மட்டுமே உறவினர். அவருடைய தந்தை பற்றிய விவரம் கிடைக்கவில்லை.' கூடவே ஒரு துண்டுக் கடிதம்: 'தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆவணம் பொய் சொல்லாது. நாளை காலை அச்சுக்குப் போகிறது.'

தம் பெயர் இல்லாதது அவரை அவ்வளவாகச் சுடவில்லை. சுட்டது அந்தக் குறிப்பு. மண்ணுக்குப் போய் நான்காண்டு ஆன தாயை அது கூண்டில் ஏற்றியிருந்தது. எழுந்து வந்து மறுமொழி சொல்ல அவளுக்கு நாவில்லை. பக்கவாதம் விழுந்தபின் ஒன்பது ஆண்டுகள் அவள் கிடந்தது இந்தக் கடையின் பின்னறையில்தான். நிறை குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். வாரந்தோறும் அவளைத் தூக்கிவந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் நாற்காலியோடு வைத்து, நாற்காலியின் நிறையைக் கழித்துச் சுவரில் எழுதிவைத்தவர் இவர். ஐம்பத்திரண்டில் தொடங்கிய அவ்வெண் முப்பத்துநான்கில் நின்றது. அந்த ஒன்பது ஆண்டுகளில் அண்ணன் வந்தது விரல்விட்டு எண்ணத்தக்க முறை. வந்தபோதெல்லாம் தாயிடம் கேட்டது பாட்டன் பூட்டன் பெயர்களை.

அச்சுப்படியோடு, ஒரு மாதத்துக்கு முந்தைய தேதியிட்ட பரிசோதனை முடிவின் நகலும் இருந்தது. இருவருக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி வேறுவேறு என்றது அது. முதன்முறை படிக்கையில் கண் இருண்டது. இரண்டாம் முறை பல் நறநறத்தது. மூன்றாம் முறை, அவருள் இருந்த தொழிலாளி விழித்துக்கொண்டான்.

இரண்டு தராசுகள் ஒரே மூட்டைக்கு இரண்டு நிறை காட்டினால் எது பிசகு? இரண்டையும் ஆயிரம் முறை பார்த்தாலும் தெரியாது. மூன்றாவதாக, சரியான நிறையென்று அரசு முத்திரையிட்ட எடைக்கல் ஒன்று வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்ற பாடம் இது.

கடையைப் பூட்டவும் மறந்து அண்ணன் வீட்டுக்கு நடந்தார். மூன்று மாடிகளையும் மூச்சு வாங்காமல் ஏறினார். கதவைத் திறந்த அண்ணி அவர் முகத்தைப் பார்த்து, "உக்காருங்க தம்பி, தண்ணி கொண்டாரேன்" என்றாள்.

"தண்ணி குடிச்சு அணையற நெருப்பு இல்ல அண்ணி."

அண்ணன் மேசையைவிட்டு எழவில்லை. "உணர்ச்சிவசப்படாதே. நான் என்னடா பண்ணட்டும்? அறிக்கையில அப்படித்தான் வந்திருக்கு."

"அறிக்கையில என்ன வந்திருக்கு? நாம ரெண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பொறக்கலைன்னு வந்திருக்கு. அதுல யாரு அப்பாவோட மகன், யாரு இல்லைன்னு எந்த வரியில இருக்கு? காட்டுங்க."

அண்ணன் தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "நான் மூத்தவன்டா. எனக்கு அப்பா மூக்கு" என்றார் ஒருவாறு.

"மூக்கா? நாப்பது வருஷம் பதிவு ஆபீஸ்ல மூக்கைப் பாத்துத்தான் பத்திரம் பதிஞ்சீங்களா?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்போ அச்சமோ தெரியவில்லை.

தம்பி கைப்பேசியை எடுத்தார். "சித்தப்பா பையன் இருக்கான். அப்பாவோட கூடப்பிறந்தவர் மகன். அவனைத் துப்பச் சொன்னா ஒரு மாசத்துல தெரிஞ்சுடும், யாரு உடம்புல அப்பா ரத்தம் இருக்குன்னு. கூப்பிடட்டுமா?"

அண்ணனின் முகம் வெளுத்தது. அந்த ஐயம் அவர் மனத்தில் ஒருபோதும் எழுந்ததில்லை என்பது வெளிப்படையாயிற்று. அளவுகோல் தாமே என்றிருந்தவர், தம்மையும் அளக்கலாம் என்பதை அப்போதுதான் கண்டார்.

"வேண்டாம்டா. நமக்குள்ள எதுக்கு?" என்று பரபரத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, மேசைமேல் இருந்த அச்சுப்படியின் வெற்றிடத்தில் தம்பியின் பெயரை எழுதினார். கீழே அவருடைய பெண்களின் பெயர்களையும் எழுதினார். "பாரு, சேத்துட்டேன். போதுமா? போனை உள்ள வை."

அதைக் கண்டதும்தான் தம்பியின் சினம் எல்லை கடந்தது. இதுவரை 'நீங்க' என்று பேசிய வாய் 'நீ' என்றது.

"ஒரு மாசமா இந்த அறிக்கையைக் கையில வச்சிருந்த. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டியா? என் கழுத்துன்னதும் கத்தி கூரா இருந்துச்சு. உன் கழுத்துன்னதும் மழுங்கிப் போச்சா? பயத்துல எழுதின பேரு எனக்கு எதுக்கு?"

"அப்ப என்னதான்டா வேணும் உனக்கு?"

"சித்தப்பா பையனை நான் கூப்பிட மாட்டேன். நீ ஜெயிச்சாலும் நான் ஜெயிச்சாலும் தோக்கறது அம்மா. அது புரியாம ஆறு வருஷம் குடும்பத்தை ஆராய்ச்சி பண்ணியிருக்கே!"

மேசையிலிருந்த பேனாவைத் தாமே பற்றி, தம் பெயரையும் பெண்களின் பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார். பிறகு அடிக்குறிப்பின்மேல் தாள் கிழியும்வரை கோடிட்டார். கிழிந்த அச்சுப்படியை அண்ணனின் மார்பில் வைத்து அழுத்தினார்.

"எங்க பேரு இல்லாம அச்சுக்குப் போகட்டும். அந்தக் குறிப்பும் இல்லாம போகணும். நாளைக்கு அச்சகத்துல நான் நிப்பேன்."

அண்ணி தண்ணீருடன் வந்தாள். அவர் வாங்கவில்லை. படியிறங்கையில் மேலிருந்து அண்ணனின் குரல் நடுங்கி வந்தது: "டேய், சித்தப்பா பையன்கிட்ட ஏற்கெனவே பேசிட்டியா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அந்த மனிதர் அன்றிரவு உறங்குவார். தம்பி திரும்பிப் பாராமல் இறங்கிப் போனார்.