மெயின் ரோட்டுக்குப் பின்னால் நானூற்றிருபது மீட்டர்

போன ஆடியில் நான்கு நாள் கோவைக்குப் போய்வந்தேன். ஊட்டி, மருதமலை எதுவும் கிடையாது. அப்பாவோடு நடப்பதற்காகவே போன பயணம் இது. வயதானவர்களைப் பழகிய ஊரிலிருந்து வேறு இடத்துக்குக் கூட்டிவந்து வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. சோமனூரில் விசைத்தறி ஃபிட்டராக இருந்தவர். அம்மா போன பிறகு, தம்பி செந்தில் அவரைப் பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். நல்ல வீடு, தனி அறை. ஆனால் வந்த ஆறு மாதத்திலேயே அவர் வெளியே போவது நின்றுவிட்டது. கால்கள் மெலிந்தன. ஒருநாள் குளியலறையில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். தினமும் நடக்காவிட்டால் அடுத்த முறை விழுந்தால் எழுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சென்னையிலிருந்து போனில் திட்டிக்கொண்டே இருந்தேன். "சோம்பேறித்தனம் பண்றீங்கப்பா" என்றுகூட ஒருமுறை சொல்லிவிட்டேன். "நடக்கறேன் அம்மணி" என்பார். நடக்க மாட்டார்.

வியாழக்கிழமை காலை ரயில் பிடித்து மதியம் இரண்டு மணிக்குக் கோவையில் இறங்கினேன். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ், ஐம்பது நிமிடம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் இறக்கிவிட்டது மேட்டுப்பாளையம் ரோட்டின் மேற்குப் பக்கம். செந்தில் வீடு கிழக்குப் பக்கம். லாரியும் பஸ்ஸும் வழி விட்டபாடில்லை. கையில் பையோடு நின்று நின்று ரோட்டைக் கடக்க நான்கு நிமிடம் ஆனது. எனக்கு நாற்பத்தெட்டு வயது, மூட்டுவலியும் இல்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். போனில் நான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. செந்தில் வேலைக்குப் போகும் வழியில் எட்டு மணிக்கே எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டான். இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. லேசாகத் தூறி ஓய்ந்திருந்தது. "சும்மா அந்த முக்கு வரைக்கும் போலாங்களா?" என்றேன்.

அந்த முக்கிலிருந்து அடுத்த முக்கு. அகலமான நடைமேடை, மேலே மரம். பத்தடிக்கு ஒன்று என்று பூக்கடை, மருந்துக்கடை, பட்டுச்சேலைக் கடையின் கண்ணாடி. அப்பா ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தார். ஒரு பூட்டுக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றார். கால் அசந்தால் உட்கார இருக்கை இருந்தது. மூன்று முறை உட்கார்ந்தோம். அவர் என் கையைப் பிடித்திருந்தார். எப்போது விட்டார் என்று நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தபோது கேட்டேன். "ஏனுங்கப்பா, எவ்வளவு தூரம் நடந்திருப்போம்ங்கறீங்க?"

"முன்னூறு மீட்டர் இருக்குமா?"

போனைக் காட்டினேன். "ஆயிரத்து அறுநூறு."

"சும்மா இரு கண்ணு. உன்ற போனு ரிப்பேரு."

சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தைரியம் வந்தது. "அப்புறம் அங்க ஊட்டுப் பக்கம் ஏங்கப்பா நடக்கறதில்ல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒருக்கா போனேன் அம்மணி. எதுத்தாப்பல பேக்கரில டீ குடிக்கலாம்னு. பாதி ரோட்டைத் தாண்டி, நடுவுல இருக்கற கட்டை மேல ஏறி நின்னுபோட்டேன். அதுக்கப்புறம் முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. வண்டி வந்துட்டே இருக்குது. காலு வெடவெடங்குது. எத்தன நேரம் நின்னேன்னு தெரியல." நிறுத்தினார். "வேட்டி நனைஞ்சு போச்சு. ஒரு காலேஜ் புள்ள ஸ்கூட்டர நிறுத்திட்டு வந்து கையப் புடிச்சுக் கூட்டியாந்துச்சு. தம்பிகிட்டச் சொல்லிப்போடாத."

ஒன்றரை வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டுதான் என் திட்டையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். (செந்திலிடம் பிறகு அவரே சொன்னார். "எழுது, நாலு பேருக்கு ஆகட்டும்" என்ற பிறகுதான் இங்கேயும் எழுதுகிறேன்.)

கிளினிக்கை முடித்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினோம், முன்னூற்று அறுபது ரூபாய். வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்; ரோட்டைக் கடக்கும் வேலை இல்லை.

ஆர்.எஸ்.புரத்தில் வீடு பார்த்து அவரைக் குடிவைக்க எங்களால் ஆகாது. தனியாகவும் விட முடியாது. அதனால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மட்டும் கிளம்பி, வீட்டைச் சுற்றி இருந்த தெருக்களை எல்லாம் நடந்து பார்த்தேன். மெயின் ரோட்டுக்குப் பின்னாலேயே ஒரு தெரு போகிறது. இரண்டு பக்கமும் சின்னச் சின்ன லேத் பட்டறைகள். பெரிய வண்டி அதிகம் இல்லை. வீட்டிலிருந்து நானூற்றிருபது மீட்டரில், கோவை போகும் பஸ் நிற்கும் நிறுத்தத்தின் அருகே, அது முடிகிறது. அங்கே ஒரு டீக்கடை. ரோட்டைக் கடக்கவே வேண்டாம்! இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் வண்டியில் போகிறவர்கள்.

ஆனால் வழியில் உட்கார ஓர் இடம் இல்லை. பாதித் தூரத்தில் இருந்த பட்டறையின் கேட்டைத் தட்டினேன். அதை நடத்துகிற சரசு அக்கா வந்தார். மாடியிலேயே குடியிருக்கிறார்.

"ஏனுங்க, எங்கப்பா இந்தப் பக்கம் நடக்க வருவாருங்க. உங்க வாசல்ல ஒரு சேர் போட்டுக்கலாங்களா?"

"இதையெல்லாம் கேக்கோணுங்களா? போடுங்க. மத்தியானம் இரும்பு இறக்க வண்டி வரும், அப்ப மட்டும் வேண்டாமுங்க." நான் திரும்பும்போது கூப்பிட்டார். "பாத்ரூமு அந்தப் பக்கமா இருக்குதுங்க. வயசானவங்களுக்கு அவசரம் வருமல்லங்க, கூச்சப்படாம வரச் சொல்லுங்க."

நான் வாய்விட்டுக் கேட்காத உதவி அது.

அன்று மாலை அப்பாவைக் கூட்டிப்போனேன். நூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை. சாக்கடை மேல் மூடியிருந்த சிமென்ட் பலகை ஒன்று உடைந்து கிடந்தது. காலையில் நான் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. அப்பாவுக்கு அதுதான் முதலில் பட்டது. அங்கேயே நின்றுவிட்டார். "வேண்டாம் கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். வந்ததும் படுத்துவிட்டார். செந்திலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே வெளியே போனான். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் சரசு அக்கா பட்டறை ஆட்கள் இருவரோடு சேர்ந்து ஒரு புதுப் பலகையை இறக்கிப் போட்டிருந்தான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூவரும் கிளம்பினோம். அப்பா பலகையைச் செருப்பால் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டினார். பட்டறை வாசல் நாற்காலியில் பதினோரு நிமிடம் உட்கார்ந்தார். டீக்கடையை அடைய மொத்தம் இருபத்தாறு நிமிடம். டீ பதினைந்து ரூபாய். "சக்கரை இல்லாம போடுங்க" என்று அவரே சொன்னார். செந்தில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், ஒருநாள் அவர் போக வேண்டிய வழியில் நீங்கள் மெதுவாக நடந்து பாருங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை நடங்கள். உங்கள் கண்ணுக்குப் படாதது அவர் காலுக்குப் படும். இருநூறு மீட்டருக்கு ஒருமுறையாவது உட்கார இடம் வேண்டும். கழிப்பறை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். இதை அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். போய்ச் சேர ஒரு டீக்கடையோ பூக்கடையோ இருக்கட்டும். நடப்பதற்காக மட்டும் நடக்க அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டாரிடம் ஒரு நாற்காலி போடக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். நம் தெருக்களை வண்டிகளுக்காகப் போட்டுவிட்டு, நடக்காதவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும் சொன்னேன்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு நான் கிளம்பினேன். வழக்கமாகக் கேட்டிலேயே நின்று வழியனுப்புகிறவர், செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். "பஸ் ஏத்திவிட்டுட்டு வாரேன்" என்று உள்ளே இருந்த மருமகளுக்குக் குரல் கொடுத்தார். நிறுத்தத்தில் இருபது நிமிடம் பேசிக்கொண்டு நின்றோம். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தேன். அவர் பார்க்கவில்லை. டீக்கடையைப் பார்த்துத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.