அவர் என் கையைத் தட்டிவிட்டது எனக்குப் புரியவில்லை

பக்கவாதத்தில் என் கணவருக்குப் பேச்சு போய்விட்டது. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய், பேச்சுப் பயிற்சியோடு தலையில் லேசாக மின்சாரம் கொடுக்கும் சிகிச்சையும் பார்த்தோம். பலனில்லை என்று டாக்டர் நிறுத்திவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆன்லைனில் அதேபோல ஒரு மிஷின் வாங்கி, அவர் நெற்றியில் நானே பொருத்தினேன். அவர் என் கையைத் தட்டித் தட்டி விட்டார். "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, பேச்சு வந்துரும்" என்று பிடித்துக்கொண்டேன். கழற்றிப் பார்த்தால் தோல் வெந்து கொப்புளித்திருந்தது. சுடுகிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை.

"வாய்விட்டுச் சொல்ல முடியாத மனுசருக்கு நீங்களா இப்படிச் செய்யலாமாக்கா?" என்றார் ஆஸ்பத்திரியில் மருந்து போட்ட நர்ஸ். இனிமேல் பேச்சு வருமா என்று கேட்டேன்.

புண் ஆறிவிட்டது. பேச்சு வரவில்லை. இப்போதெல்லாம் ஒரு வாய் சோறு ஊட்டுவதென்றாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஊட்டுகிறேன். தலையைத் திருப்பினால் அதோடு விட்டுவிடுகிறேன்.