புதுச்சேரியில் கால் எடுக்கக் கூடாத விளையாட்டு

வெள்ளி மாலை நான்கு மணிக்கு விழுப்புரத்தில் புதுச்சேரிப் பேருந்து ஏறினோம். நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். இறங்குவதற்குள் என் மகள் யமுனாவின் கைப்பேசி பதினொரு முறை அடித்துவிட்டது.

யமுனாவுக்குச் சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. மருத்துவர் பத்து நாள் விடுப்பு எழுதித் தந்து, தினமும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். அந்த நேரத்தில் வேறெதையும் நினைக்கக் கூடாதாம். விடுப்பு முறைப்படி ஒப்புதலானது. முப்பத்தாறு ஆண்டு வருவாய்த் துறையில் இருந்தவன் நான். விடுப்பில் போனவரைத் திரும்ப அழைக்க எங்களுக்கு எழுத்தில் ஆணை வேண்டும். இவள் அலுவலகத்துக்குக் கைப்பேசியில் ஒரு சினிமாப் பாட்டு போதும்.

சனி காலை 5.45. கடற்கரைச் சாலையில் ஏழரை வரை வண்டிகள் வரக் கூடாது, ஊரே நடக்கிறது. யமுனாவும் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தாள், காதில் கைப்பேசியோடு. கால் புதுச்சேரியில், தலை சென்னையில். நான் மட்டும் யோக்கியமா? பக்கத்து வீட்டுக்காரர் என் சுவரை ஒட்டிக் கட்டிய தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மனதுக்குள் வரைவு தயாரித்துக்கொண்டிருந்தேன்.

"உதடு அசையுது. யாருக்குப்பா மனு?"

"கலெக்டருக்கு. நகல் ஆர்.டி.ஓ.வுக்கு."

"நல்ல குடும்பம்பா நாம."

அன்று மாலை 4.30. தங்குவிடுதிக்குப் பின்னால் ஒரு மண் திடலில் பெரியவர்கள் சிலர் இரும்புக் குண்டு எறிந்துகொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன விளையாட்டு, பெத்தாங் என்கிறார்கள். மண்ணில் ஒரு வட்டம் கீறி அதற்குள் நின்று, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் விழும்படி எறிய வேண்டும். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் அந்துவான் எங்களைக் கூப்பிட்டார்.

"வாங்க முசியே. பாப்பாவும் ஆடட்டும். குண்டு தரைய தொடற வரைக்கும் காலு வட்டத்துலயே இருக்கணும். எறியும்போது ஒருத்தரும் பேசக் கூடாது."

யமுனா கையை வீசும்போதே மணி அடித்தது. குண்டு அந்தரத்தில் இருக்க, அவள் வெளியே தாவிக் கைப்பேசியை எடுத்தாள். அந்துவான் அவள் குண்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தார்.

"செல்லாது."

"அவசர கால் சார்."

"மாதாவே கூப்ட்டாலும் செல்லாதும்மா."

முகம் பார்க்காமல் விதியைச் செலுத்தும் ஒருவரை நெடுநாளுக்குப் பின் பார்த்தேன். மகளுக்காகப் பரிந்து பேசவில்லை.

அதன்பின் தினமும் போனோம். தோள் வலிக்க, முழங்கால் மடங்க, நாற்பது, ஐம்பது முறை எறிவாள். புதன் பிற்பகல் அவள் மேலாளரிடமிருந்து செய்தி வந்தது: ஐந்து மணிக்குக் கூட்டத்தில் சேராவிட்டால், அவளுக்கென்று வைத்திருந்த பதவி உயர்வு வேறொருவருக்கு. மூன்று வருட உழைப்பு அது. "என்ன பண்ணப் போற?" என்றேன். கைப்பேசியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் திடலுக்கு நடந்தாள்.

ஐந்துக்கு அவள் முறை. வட்டத்துக்குள் நின்றாள். கைப்பேசி என் சட்டைப் பையில் அடித்தது. மேலதிகாரி அழைத்து எடுக்காத பழக்கம் எனக்கில்லை. கை தானாகப் பைக்குப் போனது.

"எடுக்காதீங்கப்பா," என்றாள், திரும்பாமல்.

"பேசக் கூடாது," என்றார் அந்துவான், இருவருக்கும் சேர்த்து.

குண்டு போனது. அவள் பாதம் இரண்டும் மண்ணில் ஆணி அறைந்த மாதிரி நின்றன. மணி அடித்து ஓய்ந்தது. குண்டு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"தோத்துட்ட பாப்பா."

"நாளைக்கும் வருவேன் சார்."

பதவி இன்னொருவருக்குப் போனது. ஞாயிறு மதியம் ஊர் திரும்பினோம். விழுப்புரத்திலும் பூங்கா உண்டு, நடைபாதை உண்டு. எல்லோரும் கைப்பேசியில் பேசிக்கொண்டே நடக்கிறோம். வேலைக்குத் திரும்புவதாக எழுதிய கடிதத்தில் யமுனா ஒரு வரி சேர்த்திருந்தாள்: இனி மாலை ஆறிலிருந்து ஏழு வரை நான் அழைப்பை எடுக்க மாட்டேன்.

"காரணம் எழுதல," என்றேன்.

"எழுத மாட்டேன்."

காரணம் காட்டாத கடிதம் எதையும் என் மேசை தாண்ட விட்டதில்லை. இதை நானே உறையிலிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு.