உடைந்த மேல்சத்தம்

மலைமேல் காப்பித் தோட்டம் போட்ட ஒருவர் 1936இல் அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கமிருந்து தோட்டத்துக்குக் குதிரைப் பாதை வெட்டினார். குறுக்கிட்ட பாறைகளை வெடிமருந்து திணித்து உடைக்க வேண்டியிருந்தது. நாற்பது பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேர் உயிரும் வாழவந்தி நாட்டுச் சென்றாயனின் உதட்டில் இருந்தது.

சென்றாயன் சாமை விதைக்கிற குடும்பத்துக்காரர். முதல் உலகப் போரில் பட்டாளத்தோடு பஸ்ரா வரை போய், அங்கே டிரம்பெட் ஊதக் கற்றவர். ஊர் திரும்புகிற வழியில் சேலத்துப் பழைய சாமான் கடையில் பித்தளை டிரம்பெட் ஒன்றை வாங்கி வந்திருந்தார். மலை வளைவுகளில் ஆள் கத்தினால் கேட்காது, டிரம்பெட் கேட்கும். அதனால் மேஸ்திரி ராசப்பன் அவரை வேட்டுக்கு முன் ஊத வைத்தார். உச்சத்தில் ஊதுகிற மேல்சத்தம் வந்தால் எல்லோரும் பாறை மறைவுக்கு ஓட வேண்டும். திரி கொளுத்தும்போது இன்னொரு மேல்சத்தம். வெடித்து முடிந்தபின் நீளமாகக் கீழ்சத்தம் ஊதினால் வெளியே வரலாம். திரி அணைந்து அதைப் பிடுங்கிப்போட்டாலும் கீழ்சத்தம்தான்.

ஐப்பசியில் ஒரு காலை திரி பற்றிக்கொண்டது. சென்றாயன் இரண்டாவது மேல்சத்தத்தை எடுத்தார். ஒரு நொடி நின்ற ஒலி நடுங்கி, உடைந்து, கீழ்சத்தத்தில் விழுந்து நீண்டது. கல் சுமக்கிற கண்ணாயி கூடையை எடுத்துக்கொண்டு மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

"உள்ளார போ! கண்ணாயி, உள்ளார போ!" என்று சென்றாயன் கத்தினார்.

அவள் திரும்புவதற்குள் வெடித்தது. பறந்து வந்த கல் முன்னங்கையை முறித்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டும்போது அவள் அழவில்லை. "கீழ்சத்தம் கேட்டுச்சுங்க, அதான் வந்தேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சென்றாயனால் அதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

"எட்டு நாளு வேட்ட நிறுத்தறேன். அதுக்குள்ள சரி பண்ணு" என்றார் ராசப்பன்.

முதலில் சென்றாயன் டிரம்பெட்டைத்தான் சந்தேகித்தார். புளித்தண்ணீர் ஊற்றி, கயிற்றில் துணி கட்டிக் குழாய்க்குள் இழுத்தார். பச்சை அழுக்கு வந்தது. பிறகு வாயகன்ற முனையைத் துணியால் அடைத்து ஓடைத் தண்ணீரில் முக்கி ஊதினார். பற்றவைத்த இணைப்பு ஒன்றில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. அங்கே தேன்மெழுகு வைத்து இறுக்கிக் கட்டினார். ஊதிப் பார்த்தார். பத்து மேல்சத்தத்தில் ஆறு உடைந்தது. உதட்டின் மேல் இன்னும் அழுத்தி ஊதினார். எட்டு உடைந்தது. உதட்டில் ரத்தம் கண்டது.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போது மனைவி அத்தாயி கேட்டாள்:

"ஏனுங்க, ஒரு மாசமா எடது பக்கமே மெல்லறீங்களே, பல்லு வலிக்குதுங்களா?"

"இல்லியே" என்றார். சொன்ன வாயோடு மேல்வரிசை வலது முன்பல்லை விரலால் தொட்டார். அது ஆடியது. மேல்சத்தத்துக்கு எவ்வளவு அழுத்துகிறாரோ, அவ்வளவுக்கு அந்தப் பல் உள்ளே சாய்ந்து, உதடு பிடியை விட்டிருக்கிறது.

ஊதுவாயை ஒரு நெல்லளவு இடப்பக்கம் தள்ளி வைத்தார். அழுத்தவில்லை. உதட்டோரங்களை மட்டும் இறுக்கி, வயிற்றிலிருந்து மூச்சை விட்டு, கீழிருந்து ஒவ்வொரு படியாக மெதுவாக ஏறினார். எட்டாம் நாள் பத்தில் ஒன்றுதான் உடைந்தது. அந்த ஒன்று கண்ணாயியின் கையாக அவர் கண்முன் நின்றது.

மறுநாள் காலை பாறையில் மருந்து திணித்துத் தயாராக வைத்திருந்தார்கள். சென்றாயன் டிரம்பெட்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"மேஸ்திரிங்க, சத்தத்த மாத்துங்க. வேட்டுக்குக் கீழ்சத்தம், வெளிய வாரதுக்கு மேல்சத்தம். கீழ்சத்தம் எப்பவும் உடையாது. மேல்சத்தம் உடைஞ்சா உள்ளாரயே கெடப்பாங்க, அவ்வளவுதானுங்க."

"ஆறு மாசமாப் பழகுனத மாத்துனா ஒருத்தனாவது கொழம்பி வெளிய வருவான். செத்தா நீ பதில் சொல்லுவியா?"

அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

"ரெண்டு நாளு மருந்தில்லாமப் பழக்குவமுங்க. இல்லீன்னா நான் ஊதலீங்க."

"வேற ஆளக் கொண்டாறேன்."

"கொண்டாங்க. அவன் பல்லும் ஒரு நாளு ஆடும்."

கட்டுப்போட்ட கையோடு வந்திருந்த கண்ணாயி போய் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையைக் கவிழ்த்துவைத்தார்கள். ராசப்பன் அவர்களைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார்.

"ரெண்டே நாளு" என்றார்.

முதல் நாள் செங்கோடன் என்கிறவர் மூன்று தடவை தப்பாக ஓடினார். இரண்டாம் நாள் மாலை ஒருவரும் தவறவில்லை.

மூன்றாம் நாள் நிஜ வேட்டு. சென்றாயன் கீழ்சத்தம் ஊதினார். மறைவுக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். முப்பத்தொன்பது. திரியருகில் நின்று, கொளுத்தலாமா என்று ராசப்பன் கை காட்டினார். சென்றாயன் தலையை ஆட்டி மறுத்து மறுபடி எண்ணினார். பெரிய பாறைக்குப் பின்னால் குனிந்திருந்த முதுகு ஒன்று தெரிந்தது. நாற்பது. இரண்டாவது கீழ்சத்தம் அசையாமல் நின்றது. திரி பற்றியது. மலை அதிர்ந்தது, கல் மழையாகக் கொட்டி ஓய்ந்தது.

இப்போது மேல்சத்தம். எடுத்தார். நடுங்கியது, உடைந்து விழுந்தது.

ஒருவரும் வெளியே வரவில்லை. புகை மெதுவாகக் கலைந்தது. அவர் உதட்டை நக்கி, கொஞ்சம் பொறுத்து, அழுத்தாமல் மறுபடி ஊதினார். மேல்சத்தம் மெல்லியதாக எழுந்து நின்றது. பாறைகளுக்குப் பின்னாலிருந்து தலைகள் எழுந்தன.

வேலை இன்னும் பதினொரு மாதம் நடந்தது. வேட்டில் யாருக்கும் காயமில்லை. சென்றாயன் ஆடிய பல்லைச் சேந்தமங்கலத்தில் பிடுங்கிக்கொண்டார். அதன்பின் காலையில் மட்டும் மேல்சத்தம் நன்றாக வந்தது, வெயில் ஏறினால் தகராறு செய்தது. கண்ணாயியின் கை கொஞ்சம் கோணலாகவே கூடியது. ராசப்பன் அடுத்து எடுத்த வேலையில் ஆட்களைக் கூட்டி, கீழ்சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்று தாமே கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொடுத்தாராம். அதை யாரோ வந்து சொன்னபோது, "சொல்லிக்குடுத்தாருல்ல, அது போதும்" என்றார் சென்றாயன்.