ஐயாதுரையின் தோணியும் கடைசிக் காயும்

சேத்தூருக்கு மேற்கே எங்கள் கண்மாய் நிறைந்துவிட்டால் அக்கரைத் தோப்புகளுக்குப் பாதை கிடையாது. தேங்காயெல்லாம் ஐயாதுரை அண்ணாச்சியின் மரத்தோணியில்தான் இக்கரைக்கு வரும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவன் வேறு பல பொய்யும் சொல்லியிருக்கிறான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு லோடில் பத்துக் காய் குறைந்தது. அவர்தான் எடுத்திருப்பார் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை வாய்விட்டு எண்ணுவார். நடுவில் கரையில் நிற்கும் பையன்கள் நாங்கள் தப்பான எண்ணைக் கத்திக் குழப்புவோம். கோபப்படாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

போன கார்த்திகையில், ராஜபாளையத்தில் சேக் முகைதீன் பாய் கடைக்குப் போக வேண்டிய ஐந்நூறு காயோடு வந்துகொண்டிருந்தார். பாதிக் கண்மாயில் மலைப்பக்கமிருந்து சூறைக்காற்று இறங்கியது. தோணிக்குள் தண்ணீர் ஏறியது. கரையில் நின்றவர்கள் காயைத் தள்ளிவிடச் சொல்லிக் கத்தினார்கள். அவர் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. தகரப் போணியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார். தோணி முன்பக்கமாகச் சாய்ந்து, ஆளையும் காயையும் கொட்டிவிட்டு மூழ்கியது.

உரிக்காத காய் மிதக்கும் என்பது தேங்காய்க்கே தெரியும். அக்குளுக்கு ஒன்றாக இரண்டை இடுக்கிக்கொண்டு அவரும் மிதந்து வந்தார். மீதியைக் காற்றே கரைக்குத் தள்ளியது.

அவர் மனைவி பாண்டிசெல்வி துண்டால் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே கேட்டார். "ஏன் மாமா, அம்புட்டும் மிதக்கும்னு தெரியும்ல? தள்ளிவிட்டிருந்தா தோணியாவது மிஞ்சியிருக்கும்."

"தள்ளுனதுல நாலு ஒதுங்காமப் போனா, ஐயாதுரை வித்துட்டான்னு சொல்லுவாவ."

ஈரத்துணியோடு எண்ண உட்கார்ந்தார். அன்று யாரும் குழப்பவில்லை. எங்கள் செட்டு கருவேலம் புதருக்குள் ஒளித்திருந்த மூன்று காய்களும் எப்படியோ குவியலுக்கே வந்துவிட்டன. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒன்று குறைவு. பாய் போனில் பரவாயில்லை என்றார். அண்ணாச்சிக்கு அது போதவில்லை.

பங்குனியில் கண்மாய் வற்றியபோது அவர் ஒரு மில்லில் வாட்ச்மேனாகியிருந்தார். தோணி சேற்றில் பிளந்து கிடந்தது, விறகுக்குத்தான் ஆகும். முன்பலகைக்கு அடியில் அந்தக் காய் சிக்கியிருந்தது. அழுகல். மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினார். அவரைச் சுற்றி நாலு சீட் காலியானது.

"ஒத்தக் காய்க்காகவா வந்திய?" என்றார் பாய்.

"கொறஞ்சது இதுதான் மொதலாளி."

பாய் மூக்கைப் பொத்தவில்லை. இரண்டு கையாலும் வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணாச்சி திரும்பிப் பஸ் ஏறும்வரை அது அங்கேயே இருந்தது.