முப்பது வரைக்கும் எண்ணுகிறவர்

இருபத்தேழு, இருபத்தெட்டு என்று முணுமுணுத்தபடி கோழி ஷெட்டின் வாசலில் ஒற்றைக் காலில் நிற்பார். இன்னொரு கால், பூட்ஸோடு, நீல வாளியின் மருந்துத் தண்ணீருக்குள் இருக்கும். கையில் கட்டை பிரஷ். ஒரு பூட்ஸுக்கு முப்பது தேய்ப்பு. நடுவில் யாராவது வணக்கம் சொல்லித் தொலைத்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து. அவரைத் தெரிந்தவர்கள் முப்பதுக்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

கோழிப்பண்ணைக்குள் நோய் நுழையாமல் இருக்க வழி சொல்வதும், பக்கத்தில் எங்காவது வந்துவிட்டால் எப்படிக் கதவடைத்துப் பிழைப்பது என்று காட்டுவதும் அவர் உத்தியோகம். பண்ணைக்காரர்களுக்கு அவர் ‘வாளி சார்’. வெளியாளை உள்ளே விடாதீர்கள் என்று சொல்வதற்காகவே வாரம் பதினாறு பண்ணைக்குள் போய்வருகிற வெளியாள். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்த கையோடு, வந்துபோனவர்களின் பதிவேட்டைக் கேட்பார்.

“சேறு போகாம மருந்து ஊத்துறது, அழுக்குச் சட்டைக்கு சென்ட் அடிக்கிற மாதிரிங்க” என்றுதான் பாடம் தொடங்கும். பண்ணை வாளிகளை அவர் நம்புவதில்லை. சொந்த வாளி காரின் பின்சீட்டில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோல் நிமிர்ந்து உட்கார்ந்து வரும். வீடு திரும்பினால் பின்பக்கக் குழாயடியில் குளித்த பிறகே உள்ளே வருவார். “கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுஷன் இப்படித் தேய்ச்சுக் குளிக்கல” என்பது மனைவியின் நெடுநாள் வருத்தம்.

போன மழைக்காலத்தில் நோய் வந்தது. முதல் பண்ணையில் கோழிகள் சாகத் தொடங்கியதற்கு முந்தின நாள் அவர் அங்கே போயிருந்தார். அங்கிருந்து நேராகப் போனது, கணவர் போன பிறகு ஓர் அம்மாள் தனியாளாக நடத்திவந்த பண்ணைக்கு. அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்த ஒரே ஆள் அந்த அம்மாள்தான். நான்கே நாளில் அங்கேயும் பரவியது. ஆறாயிரம் கோழிகளையும் கொன்று ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டி மூடினார்கள். இரண்டு பதிவேடுகளிலும் இருந்த ஒரே பெயர், பதிவேடு வைக்கச் சொன்னவருடையது.

விசாரிக்க வந்த அதிகாரி நல்லவர். காட்டுப் பறவையாக இருக்கலாம், தீவன லாரியாக இருக்கலாம், லாரிக்காரர்கள் எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று எழுதி முடித்துவிட்டார். அந்த அம்மாள்தான் குழிமேட்டைப் பார்த்தபடி கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

“பூட்ஸ நல்லாத்தான் கழுவினீங்க தம்பி. வாளியோட அடிய என்னிக்காவது கழுவினீங்களா?”

பதினோரு வருடங்களில் ஒரு நாளும் கழுவியதில்லை. ஒரு பண்ணையின் எச்சத்திலும் சேற்றிலும் வைத்த வாளியை, அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அடுத்த பண்ணையின் வாசலில் வைத்துத்தான் சுத்தத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதனால்தான் நோய் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கியிருக்கும்.

ஏழு மாதமாகக் காலியாகக் கிடந்த அம்மாளின் ஷெட்டில் போன வாரம் புதுக் குஞ்சு இறக்குவதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். வேறு ஆளை அனுப்புகிறோம் என்ற அவருடைய அலுவலகத்துக்கு அம்மாளே போன் போட்டாராம். “அவரையே அனுப்புங்க. இனிமே அவரவிட பயந்தவங்க யாரு கிடைப்பாங்க?”

போனார். பண்ணைக்கு வெளியே, தார்ச்சாலையில் காரை நிறுத்தினார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைத் தேய்க்கத் தொடங்கினார். வீட்டிலேயே தேய்த்துத் தேய்த்து நீலம் வெளுத்துப்போன அடிப்பாகம். அம்மாள் கேட்டைத் திறந்து பிடித்தபடி முப்பது ஆகும்வரை காத்திருந்தார்.

“வாங்க தம்பி.”

அவர் நிமிர்ந்து திறந்திருந்த கேட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒன்று என்றார்.