ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணவர்

எனக்கு இருமுனை மனநிலைக் கோளாறு இருக்கிறது. சில மாதங்கள் மனம் தரையில் கால் பாவாமல் திரியும். சில மாதங்கள் தலை சீவக்கூட ஏலாமல் கிடப்பேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு இரண்டும் அரிதாகிவிட்டன. அதற்குப் பிறகு என்னை அலுக்க வைத்தது என் கணவரின் கண்காணிப்புதான்.

பழனிசெட்டிபட்டியில் அவர் மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் விற்கும் கடை வைத்திருக்கிறார். சத்தத்தை வைத்தே மோட்டாரின் கோளாறைச் சொல்லிவிடுகிறவர், என்னையும் அப்படித்தான் கவனிப்பார். சமைக்கும்போது பாட்டு முணுமுணுத்தால் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் இரண்டு சேலை எடுத்து வந்தேன். சேலையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"மாத்திர போட்டியா?"

"போட்டேன். சேல நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு உங்க அக்காவுக்கு."

அவர் முகம் இன்னும் கலவரமானது. அவருடைய அக்காவுக்கு நான் சேலை எடுப்பதைவிடப் பெரிய அறிகுறி வேறு என்ன வேண்டும்?

போன வருடம், நான் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சர்க்கரைக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதுபோல, மனம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை உடம்பைச் சோதித்துச் சொல்ல முடியுமா என்று தேடுகிறார்களாம். ரத்தத்தில் சில பொருள்கள், எச்சிலில் ஒரு ஹார்மோன், கையில் கட்டிக்கொள்ளும் ஒரு கடிகாரத்தில் பதிவாகும் தூக்கமும் நடமாட்டமும். இளம் பெண் மருத்துவர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, என் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப மீட்டர் மாதிரி வச்சுப் பாத்துச் சொல்லிரலாமா டாக்டரம்மா?"

"அதத்தான் சார் தேடுறோம். இன்னும் கிடைக்கல."

"கெடச்சா மொத பீஸ எனக்குக் குடுத்துருங்க."

நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே, "ஒப்பிட்டுப் பாக்க இந்த நோய் இல்லாதவங்களும் வேணும். நீங்க சேர்றீங்களா?" என்று கேட்டார்.

அவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் டீக்கடைக்காரரிடம், "ஆரோக்கியமான ஆளு வேணும்னு ஆஸ்பத்திரியிலயே என்னையக் கேட்டாக" என்று சொல்லிக்கொண்டார்.

அந்த ஆரோக்கியமான ஆள், ரத்தம் எடுக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காலையில் பல் துலக்குமுன் எச்சிலைக் குழாயில் பிடிக்க வேண்டும். அவருக்கு வாய் வறண்டுபோகும்.

"கடையில பேசுற மாதிரி பேசுங்க, தானா வரும்" என்றேன். முறைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகை அணைக்குப் போயிருந்தோம். எங்கள் இருவர் கையிலும் ஒரே மாதிரிக் கறுப்புக் கடிகாரங்களைப் பார்த்துவிட்டு மீன் வறுத்துக் கொடுத்தவர், "ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில வேலையா?" என்று கேட்டார்.

அடுத்த முறை போனபோது, மருத்துவர் என் பதிவைப் பார்த்துவிட்டு எல்லாம் சீராக இருக்கிறது என்றார். பிறகு என் கணவருடையதைத் திறந்து பார்த்தார்.

"சார், நீங்க சரியாத் தூங்குறதில்லையா? தினமும் ராத்திரி எந்திரிச்சு நடக்குறீங்களே. சுகர் பாத்தீங்களா?"

எனக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தீங்களா, மாத்திர யாருக்கு வேணும்னு" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சுகரெல்லாம் இல்ல" என்றார். "இவ உள் ரூம்ல படுப்பா, நான் ஹால்ல. தூங்குறாளான்னு போய்ப் பாத்துட்டு வந்து படுப்பேன். மொத தடவ இவளுக்கு முடியாமப் போனப்ப, நாலஞ்சு நாளாத் தூங்கவே இல்ல. ராத்திரியெல்லாம் வீட்டையே ஒதுங்க வச்சுத் தொடச்சுக்கிட்டிருந்தா. நல்லாத்தான வேல பாக்குறான்னு நான் சந்தோசமாப் போய்ப் படுத்துட்டேன்."

அவருடைய குறட்டைக்குப் பயந்துதான் நான் உள்ளே படுப்பது. அவர் வந்து நின்று பார்த்துப் போவது எனக்கு ஒருநாளும் தெரியாது. கேலியாக இன்னொன்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மருத்துவர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இவங்க நல்லாத் தூங்கிருக்காங்க சார். தூங்காதது நீங்கதான். தூக்கம் குறைஞ்சா இவங்களே உங்ககிட்டச் சொல்லட்டும்."

"மறைக்காமச் சொல்லுவேன்" என்றேன். "நீங்க படுத்துத் தூங்குங்க."

தலையாட்டினார். அதைப் பெரும்பாலும் காப்பாற்றவும் செய்கிறார். அந்த மீட்டர் மட்டும் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது, பேருந்து கிளம்புமுன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டைச் சத்தத்தில் முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அவுகளுக்கு என்ன செய்யிது? ஆஸ்பத்திரியில இருந்தா வாறீக?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "நான்தான் நோயாளி. இவுக என்னைய ஒப்பிட்டுப் பாக்க வந்தவுக."